மாதிரி வாய்

போன மாதம் ஒரு மத்தியானம் எங்கள் பழைய டிபார்ட்மென்டிலிருந்து ரேஷ்மா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த நர்ஸ் அவள். புது மெஷின் வருகிறது, அதை வைக்க இடம் வேண்டும் என்று பழைய பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தார்களாம்.

"சிஸ்டர், இங்க ஒரு பெரிய கறுப்புத் துணி இருக்கு. மூலைக்கு மூலை நாடா தைச்சிருக்கு. எக்ஸ்ரே ரூமோட ஸ்கிரீனா? தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டாள்.

"அது துணி இல்லம்மா, என் ஆபீஸு. போட்டுடாதே" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நான் செய்த உருப்படியான வேலையில் பாதிக்கு மேல் அந்தத் துணிக்கு அடியில்தான் நடந்தது.

புது மெஷின் செல்போன் அளவுதானாம். வாய்க்குள் ஒளி அடிப்பதும் அதுவே, படம் எடுப்பதும் அதுவே, சந்தேகமான இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டுவதும் அதுவே. துணியும் வேண்டாம், இருட்டும் வேண்டாம், சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக எடுத்துப் போகலாம். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழசுதான் உசத்தி என்று மூக்கால் அழுகிற ஆள் நான் இல்லை. ஏப்ரல் மாதத்தில் அந்தத் துணிக்குள் வியர்த்துக் கொட்டியதை நினைத்தால் இப்போதும் மூச்சு முட்டுகிறது. ரேஷ்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"முதல்ல யார் வாயைக் காட்டுவீங்க?"

"பேஷன்ட் வாயைத்தான் சிஸ்டர். வேற யார் வாயை?"

அதற்கான பதில் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. "அப்ப எழுதிக் கொடுங்க, டிபார்ட்மென்ட் மலர்ல போடறோம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் பெங்களூர் காக்ஸ் டவுன்காரி. பிறந்தது, சர்ச்சில் பாடியது, கல்யாணம் கட்டிக்கொண்டது எல்லாம் அந்த நாலு தெருவுக்குள்தான். நர்ஸிங் படிப்பையும் ஜெனரல் வார்டில் ஓடிய வருடங்களையும் இங்கே விரிக்கப் போவதில்லை. எல்லா நர்ஸுகளும் பட்ட பாடுதான் அது. முதுகு வலி அதிகமானபோது பல் ஆஸ்பத்திரிக்கு மாறினேன். "பல்லுக்கு எதுக்கும்மா நர்ஸு, குறடு புடிக்கவா?" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். நானும் மீதி வருடங்களை நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்து வந்தேன். நாகரத்னா மேடம் இருக்கும் டிபார்ட்மென்டில் என்னைப் போடுவார்கள் என்று யார் கண்டது.

டாக்டர் நாகரத்னா வாய் நோய்ப் பிரிவின் தலைவி. ஹாசன் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது பாதி கன்னடம் கலந்துவிடும். அவர் நின்றுகொண்டு நோயாளியைப் பார்த்து நான் பார்த்ததில்லை. தாழ்வான ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிரே இருப்பவரைவிடத் தாழ்வாக உட்காருவார். வாய்க் கண்ணாடியை வெந்நீரில் முக்கித் துடைத்து, தன் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். வலிக்குமா என்று கேட்டால், வலிக்கப் போகிறதென்றால் வலிக்கும் என்றே சொல்வார். அவருக்குக் கோபம் வருவது ஒரே இடத்தில்தான். நோயாளியின் தலைக்கு மேலே மாணவர்கள் இங்கிலீஷில் குசுகுசுத்தால் நிறுத்திவிடுவார். "பாயி அவங்கது. அவங்களுக்குப் புரியற மாதிரி ஹேளு" என்பார். பாயி என்றால் வாய், ஹேளு என்றால் சொல்லு. அந்தப் பையன் கன்னடத்திலோ தமிழிலோ உருதுவிலோ தடுமாறித் தடுமாறித் திரும்பச் சொல்ல வேண்டும். அதுவரை கண்ணாடி நகராது.

அவர் டிபார்ட்மென்டுக்கு வாங்கி வந்ததுதான் அந்த ஒளிக் கருவி. பெரிய டார்ச் லைட் மாதிரி இருக்கும். ஒரு முனையில் ஊதா கலந்த நீல வெளிச்சம், மறு முனையில் கண் வைத்துப் பார்க்க ஒரு வட்டக் கண்ணாடி. அந்த வெளிச்சம் வாய்க்குள் பட்டால் நல்ல சதை இளம் பச்சையாக மினுங்கும். கெட ஆரம்பித்த இடம் மினுங்காது, கறுப்பாகத் தெரியும். சாதாரண வெளிச்சத்தில் வெறும் வெள்ளைப் படலமாகத் தெரிவதும், எதுவுமே தெரியாததும்கூட இதில் சில சமயம் தெரிந்துவிடும். வாய்ப் புற்று முற்றிப்போய் வந்தால் கன்னத்தையும் தாடையையும் எடுக்க வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே பிடித்தால் ஒரு நகத்தளவு வெட்டோடு போகும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஆனால் கறுப்பெல்லாம் புற்று இல்லை. புண் இருந்தாலும் கறுப்பு, பல் குத்திக் குத்திச் சிவந்திருந்தாலும் கறுப்பு. அதனால் வாய்க் கண்ணாடியின் பின்பக்கத்தால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். வெறும் இரத்தம் தேங்கிய இடமென்றால் அழுத்தும்போது கறுப்பு கலைந்து பச்சை வரும். கலையாமல் நின்றால்தான் சந்தேகம். "லைட்டு கேள்வி கேக்கும், அஷ்டே, அவ்ளோதான். உத்தரம் பயாப்ஸிதான்" என்று மேடம் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். அந்த இடத்தில் சின்னத் துண்டு சதை எடுத்துச் சோதிப்பதுதான் பயாப்ஸி.

எங்கள் முதல் கேம்ப் சிவாஜிநகரில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஹாலில். ஜன்னல்களை மூட முடியவில்லை. கருவிக்கோ இருட்டு வேண்டும். அன்றைக்குத்தான் நான் ஓடிப் போய்த் துணிக்கடையில் கறுப்புத் துணி வாங்கி, நாடா தைக்கச் சொல்லி, ஜன்னல் கம்பிக்கும் நாற்காலிக்கும் இடையே கட்டினேன். பார்க்கிறவரும் காட்டுகிறவரும் அதற்குள் தலையை நுழைத்துக்கொள்ள வேண்டும். "இன்னாம்மா இது, பாவசங்கீர்த்தனக் கூண்டா?" என்று ஒரு கறிக்கடைப் பெரியவர் கேட்டார். சர்ச்சில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் கூண்டு என்று அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. வெளியே பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது "வெத்தல கூடப் போட மாட்டேன்" என்று சொன்னவர், துணிக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கொட்டினார்.

அந்த முதல் கேம்ப் பெரிய கூத்தாக முடிந்தது. மாணவர்கள் பார்த்த வாயெல்லாம் கறுப்பு. ஹாலில் முக்கால்வாசிப் பேரைச் சந்தேகம் என்று தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பெஞ்சில் இருந்தவர்களில் சில பெண்கள் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். மேடம் வந்து இரண்டு வாயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நேத்து யார் மனேல மதுவே?" என்று கல்யாண வீட்டைக் கேட்டார்.

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்தின நாள் அந்தத் தெருவில் ஒரு கல்யாணம். எல்லாரும் பிரியாணி சாப்பிட்டு, இரண்டு மூன்று பீடா போட்டுக்கொண்டு வந்தவர்கள். பீடாக் கறைதான் வெளிச்சத்தைக் குடித்துவிட்டுக் கறுப்பாகக் காட்டியிருக்கிறது. அன்றிலிருந்து முதலில் வாய் கொப்பளிப்பு, பிறகு காஸ் என்ற மெல்லிய வலைத்துணியால் கன்னத்தின் உட்புறம் முழுக்கத் துடைப்பு, அதன் பிறகே வெளிச்சம் என்று ஆயிற்று. துடைக்கிற வேலை என்னுடையது. பெங்களூரில் பாதிப் பேர் வாயை நான் துடைத்திருக்கிறேன் என்று சொன்னால் கொஞ்சம்தான் கூடுதல்.

ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்கள் பயந்து அழுதது மேடத்தை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில் வேனில் சொன்னார். "நாம மட்டும் பாக்கறோம், அவங்க ஏனும் நோடல. கறுப்புன்னா கறுப்புன்னு நம்பணும். எத்துக்கு நம்பணும்?"

அடுத்த கேம்பிலிருந்து புது வழக்கம் வந்தது. நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்னால், கருவியை அவர் கையில் கொடுத்து எங்களில் ஒருவர் வாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நல்ல வாய் எப்படி இருக்கும் என்று முதலில் அவரே பார்க்கட்டும். மேடம் வாயில் மூன்று பல்லுக்குத் தொப்பி போட்டிருந்தது, மாணவர்களுக்குக் கூச்சம். நான் வெற்றிலையும் போட்டதில்லை, வாயைத் திறக்கத் தயங்கியதும் இல்லை. அதனால் என் வாய் மாதிரி வாய் ஆயிற்று. கண்ணில் வெளிச்சம் படாமல் இருக்க ஆரஞ்சு நிறக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஊரார் எல்லாருக்கும் ஆ காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "ஊரே வந்து என் பொண்டாட்டி வாயைப் பாத்துட்டுப் போவுது. அவங்க மூடச் சொன்னா உடனே மூடறா, நான் சொன்னா மட்டும் மூட மாட்டேங்கறா" என்று என் கணவர் தயாளன் சர்ச் வாசலில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இனி கனகாவைப் பற்றிச் சொல்கிறேன்.

கனகாவின் முகம் எனக்குத் தெரிவதற்கு முன்பே அவள் விசில் எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குக் குப்பை ஆட்டோவோடு வருகிறவள். காலையில் மூன்று சின்ன ஊதல், ஒரு நீள ஊதல், பிறகு "கசா" என்று ஒரு கத்தல், கன்னடத்தில் குப்பை. விசில் கேட்டதும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தாமதமானால், "இன்னாக்கா, குப்பையப் பிரிய மனசு வர்லயா?" என்பாள். நாற்பதுக்கு மேல் வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, இடது கன்னம் மட்டும் எப்போதும் கொஞ்சம் உப்பியிருக்கும். உள்ளே புகையிலை.

குப்பை அள்ளுகிறவர்கள் காலையில் வந்து ஹாஜரி போடும், அதாவது வருகை பதியும் ஷெட்டில் ஒரு கேம்ப் வைத்தோம். வேலை முடிந்து வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கனகாவின் முறை வந்தபோது என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஏகக் குஷி. "அட, நம்ம தெரு அக்கா. தினம் நான் உன் பக்கெட்டப் பாக்கறேன், இன்னிக்கு உன் வாயப் பாக்கறனா" என்றபடி துணிக்குள் நுழைந்தாள். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து கருவியை அவள் கையில் கொடுத்தார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

கனகா நிதானமாகப் பார்த்தாள். கன்னம், ஈறு, நாக்கு. பிறகு அவள் கை நின்றது.

"ஏன் மேடம், பச்சையா இருக்கும்னீங்க. இங்க நாக்கோரம் கறுப்பா கீதே" என்றாள்.

வெளியே நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்தபடியே சிரிக்கப் பார்த்தேன். அவள் கிண்டல்காரி என்று எனக்குத் தெரியும் அல்லவா. மேடம் சிரிக்கவில்லை. கருவியை வாங்கிப் பார்த்தார். காஸ் துணியால் என் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்து, ஓரத்தை அழுத்திப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று நாக்கை நீட்டியபடி காத்திருந்தேன். எத்தனை பேரை இப்படிக் காக்க வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அழுத்தினா சொல்ப கலையுது. பூர்த்தி கலையல" என்றார் மேடம். "பின்னாடி பல்லு உடைஞ்சிருக்கு, நோடு. அதுதான் உரசுது. பல்லைத் தேச்சு மழுக்கிடலாம். எரடு வாரத்துல போயிடணும். போகலன்னா பயாப்ஸி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எலும்பு கடித்தபோது பல் நறுக்கென்றது எனக்கு ஞாபகம் வந்தது. பல் ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டு அதைப் பார்க்க நேரம் இல்லாமல் இருந்தேன்.

பிறகு கனகா. அவள் புகையிலையைத் துப்பிவிட்டுக் கொப்பளித்தாள். நான் துடைத்தேன். இடது கன்னத்தின் உள்ளே, பல் வரிசைக்கு எதிரே, வெள்ளையும் சிவப்பும் கலந்து ஒரு படலம். நீல வெளிச்சத்தில் அந்த இடம் மை கொட்டியது மாதிரி இருந்தது. மேடம் அழுத்தினார், கலையவில்லை. வேறு கோணத்தில் அழுத்தினார், அப்போதும் கலையவில்லை. கருவியை அணைத்துவிட்டு, துணிக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கனகம்மா, இதுல சின்னதா ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் மாடணும். சீக்கிரம் எடுத்தா ஒள்ளேது."

கனகா கையை இழுத்துக்கொண்டாள். "அக்காவுக்கும் கறுப்பு, எனக்கும் கறுப்பு. அக்காவுக்கு ரெண்டு வாரம், எனக்குக் கத்தியா? உங்க ஆளுன்னா ஒரு ரூலு, குப்ப அள்றவன்னா ஒரு ரூலா?"

மேடம் பொறுமையாக வித்தியாசத்தைச் சொன்னார். என்னுடையது கலைந்தது, உன்னுடையது கலையவில்லை. எனக்கு உரசும் பல் இருக்கிறது, உனக்கு இல்லை. கனகா கேட்கிற நிலையில் இல்லை. "எங்க மாமியாருக்கு இதே இடத்துலதான் வந்துச்சு. கத்தி வெச்சாங்க. கத்தி பட்டதும் அது வீடு முச்சூடும் பரவற நெருப்பாட்டம் பரவிச்சு. ஆறு மாசத்துல தூக்கிட்டோம். கன்னத்துல கைய வெக்காதீங்க மேடம். விசில் ஊதாம நான் இன்னா வேலை செய்வேன்? ஒரு வாரம் வர்லன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவான்" என்றாள்.

அவள் மாமியார் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று கேட்டேன். வாயே திறக்க முடியாமல் போன பிறகுதான் என்றாள். கத்தி வைத்ததால் பரவவில்லை, பரவிய பிறகு கத்தி வைத்தார்கள். அதை நான் சொன்னபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். துணி அவள் தலையில் சுற்றிக்கொண்டது. இப்போது வெளியே போனால் இவள் திரும்பி வர மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அப்படிப் போனவர்கள் கன்னத்தில் ஓட்டையோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"உக்காரு" என்றேன். "உனக்கும் ரெண்டு வாரம். ஒரே ரூலு. ஆனா புகையிலையத் தொடக் கூடாது. நான் பல்லத் தேச்சுக்கறேன். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வா. நீ என்னைப் பாரு, நான் உன்னைப் பாக்கறேன். எது நிக்குதோ அதுக்குக் கத்தி. என்துன்னா எனக்கு."

மேடம் இருட்டில் என்னைப் பார்த்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உறுத்தலை விலக்கிவிட்டு இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பது முறைக்கு உட்பட்டதுதான். "எரடே வாரா. அதுக்கு மேல ஒந்து தினமும் இல்ல" என்றார். கனகா தலையாட்டினாள்.

அந்த இரண்டு வாரமும் நாங்கள் தினம் காலையில் குப்பை ஆட்டோவுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டோம். "வாய் எப்டி கீது?" என்பாள். "நாக்கு அதே இடத்துக்குத்தான் போவுது. உனக்கு?" என்பேன். புகையிலைக்குப் பதிலாகச் சோம்பு பொட்டலம் கொடுத்தனுப்பினேன். "பேஜாருக்கா. அந்த நாத்தத்துல வெறும் வாயோட நின்னு பாரு, அப்பத் தெரியும்" என்று எரிந்து விழுந்தாள். ஆனால் இடது கன்னம் உப்பவில்லை. நான் ஒவ்வொரு நாளும் முதலில் பார்த்தது அதைத்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை, ஆனால் சர்ச்சில் பாடும்போது பாட்டு வரி நழுவிப் போகும், நாக்கு பல்லைத் தேடிப் போய்விடும். வீட்டில் தயாளன் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். எதற்கெடுத்தாலும் என் வாயைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருந்த மனிதர், எனக்குக் காரம் குறைத்துக் குழம்பு வைக்கச் சொல்லி மருமகளிடம் சொன்னார். அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

குறித்த நாளில் கனகா வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் இருட்டு அறையே இருந்தது. "அந்தத் துணியவே கட்டு. அதுக்குள்ளதான் பேசினோம்" என்றாள். கட்டினேன். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார், கருவியைத் தொடவில்லை.

முதலில் என் முறை. கனகா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மேடத்திடம் கையை நீட்டி வாய்க் கண்ணாடியை வாங்கி, உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அதன் பின்பக்கத்தால் என் நாக்கோரத்தை அழுத்தினாள். மேடம் செய்ததை அவள் அன்றைக்கே கவனித்திருக்கிறாள்.

"பச்ச" என்றாள். "சுத்தமா பச்சக்கா. அந்தக் கறுப்பு எங்க போச்சுன்னே தெரியல."

மேடமும் பார்த்து ஆமாம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு நிம்மதி. அதே நேரத்தில் வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் அடுத்தது அவள் வாய்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். நான் துடைத்தேன். வெளிச்சத்தைப் போட்டேன். சோம்பு வாசனை வந்தது. இரண்டு வாரமாக அவள் ஒரு துளி புகையிலையும் தொடவில்லை என்பது அந்தக் கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது, சுற்றிலும் அவ்வளவு நல்ல பச்சை. நடுவில் அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது. அழுத்தினேன். அது கலைய வேண்டும் என்று நான் ஜெபித்தது கர்த்தருக்குத்தான் தெரியும். கலையவில்லை.

வெளிச்சத்தை அணைத்தேன். சொல்ல வேண்டியது நான். ஒப்பந்தம் போட்டது நான்தானே.

"போகல கனகா. அப்படியே நிக்குது" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "உன்து நெசமா போயிடுச்சில்ல? நான் சரியாத்தான் பாத்தேன்?"

"சரியாத்தான் பாத்தே."

"எல்லாரையும் கறுப்புன்னு சொல்ற லைட்டுன்னு நெனச்சேன். உன்னை வுட்டுடுச்சு. அப்ப என்னைப் புடிச்சதும் நெசம்தான்" என்றாள். பிறகு மேடம் பக்கம் திரும்பினாள். "எடுங்க மேடம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. விசில் ஊதுவனா?"

நான் மனசுக்குள் மேடத்தைக் கெஞ்சினேன், ஊதுவாய் என்று சொல்லிவிடுங்கள் என்று. அவர் சொல்லவில்லை.

"கொத்தில்ல, கனகம்மா. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். இன்னிக்கே எடுத்தா சின்னதா எடுக்கலாம். லேட் ஆனா கன்னத்தையே எடுக்கணும். ஊதறதுக்கு சான்ஸ் இருக்குன்னா அது இவத்து, இன்னிக்குதான்."

அன்றைக்கே துண்டு எடுத்தார்கள். ஊசி போடும்போது கனகா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், கத்தி வைக்கும்போது விட்டுவிட்டாள். ரிசல்ட் வந்தபோது மேடம் அவளைக் கூப்பிட்டு, புற்றுதான், ஆனால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, ஆழம் போகவில்லை என்று அவளுக்குப் புரியும்படி சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்துக்கும் தாடைக்கும் போக வேண்டிய அவசியம் வரவில்லை. கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுத்த இடத்தில் தோல் வைத்து மூடினார்கள். மேஸ்திரியிடம் நானும் மேடமும் போய்ப் பேசினோம். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. "இடத்த வெக்கறேன் மேடம், ஆனா ஊத முடியலன்னா ஆட்டோவுல போட முடியாது, கூட்டற வேலைக்குத்தான்" என்றார்.

அறுத்த இடம் ஆறும்போது கன்னம் இறுகும், வாய் சரியாகத் திறக்காது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போக வேண்டும். கனகா எங்கள் வீட்டுக்கு வந்து செய்வாள். வலியில் கண்ணில் தண்ணீர் வடியும், குச்சியை எடுக்க மாட்டாள். தயாளன் தெருமுனைக் கடையில் குச்சி வாங்கி வருவார். "இந்த வீட்ல ஒருத்தி வாயை மூட மாட்டா, ஒருத்தி வாயைத் திறக்க மாட்டா" என்று அவர் மறுபடியும் ஆரம்பித்தபோதுதான் எனக்கு வீடு வீடாகத் தெரிந்தது.

அந்த மாதங்களில் எங்கள் தெருவுக்கு வேறு ஒருவர் வந்தார். ஒரே நீளமாக ஊதுவார், காது கிழியும். நான் பக்கெட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்புவேன். கனகா வீட்டில் ஊதிப் பழகுவதாகவும், காற்று ஒரு பக்கமாகத் தப்பிப் போவதாகவும், பக்கத்து வீட்டார் திட்டுவதாகவும் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் விசில் கேட்டது. மூன்று சின்ன ஊதல். முதல் இரண்டும் வெறும் காற்றுதான், மூன்றாவது பிடித்தது. பிறகு அந்த நீள ஊதல், நடுவில் கொஞ்சம் பிசிறி, நின்று, மறுபடி வந்தது. "கசா" என்ற குரல் மட்டும் பழையபடியே இருந்தது.

கையில் மாவோடு ஓடினேன். பக்கெட்டை எடுக்க மறந்துவிட்டேன். கனகா ஆட்டோவுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். இடது கன்னம் சற்று உள்ளே போயிருந்தது.

"இன்னாக்கா, வெறுங்கையோட வர்றே" என்றாள்.

"வாயைத் திற" என்றேன்.

"இங்கியா? நடு ரோட்லயா?"

"இங்கதான்."

அவள் கிழக்கே திரும்பி, காலை வெயில் உள்ளே படும்படி வாயைத் திறந்தாள். மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது. புதுத் தோல் வைத்த இடம் வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. நான் பார்த்து முடித்ததும் அவள் மூடினாள்.

"சரி, இப்ப நீ தெற. ரூலு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே" என்றாள்.

நானும் வெயிலைப் பார்த்து ஆ காட்டினேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, நாக்கோரத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மா கையில் பக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். கனகா விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.